மனிதருக்கு இனியும் மதமும் கடவுளும் தேவையா?

உப்புவெளி மாஸ்டர்
(ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்)

கேள்வியை முதலிலேயே இரண்டாக உடைத்துவிடுகிறேன். கடவுள் இருக்கிறாரா என்பது ஒன்று. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் நமக்குத் தேவையா என்பது வேறு. நம்மூர் திருகோணமலையில் முதலாவதைக் கேட்டால் இரண்டாவதற்குத்தான் பதில் வரும். "கடவுள் இல்லையென்றால் சனத்துக்குப் பயம் விட்டுப்போய்விடும் மாஸ்டர்" என்பார்கள். அது கடவுள் இருப்பதற்கு ஆதாரம் இல்லை, பொலிஸ் வேண்டும் என்பதற்கு ஆதாரம்.

இங்கே இரண்டாவதை மட்டும் பேசுவோம். என் கட்சி: இனித் தேவை இல்லை.

ஒரு காலத்தில் தேவைப்பட்டது, அதை மறுக்கவில்லை. மழை ஏன் பொய்த்தது, பிள்ளைக்கு ஏன் காய்ச்சல் என்பதற்கெல்லாம் வேறு விளக்கம் இருக்கவில்லை. பெரியம்மையை அம்மாள் வருத்தம் என்று சொல்லி வேப்பிலை கட்டிய ஊர் நாங்கள். 1980 இல் உலக சுகாதார ஸ்தாபனம் அந்த நோய் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தது. ஒழித்தது ஊசி. அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிரார்த்தனை வேலை செய்கிறதா என்றும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் இருதய பைபாஸ் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சுமார் 1,800 பேரை வைத்து நடந்த ஆய்வு, 2006 இல் வெளியானது. வேறு யாரோ தங்களுக்காகப் பிரார்த்தித்ததால் நோயாளிகளுக்கு எந்த நன்மையும் கிடைக்கவில்லை. "உங்களுக்காகப் பிரார்த்திக்கிறார்கள்" என்று சொல்லி வைக்கப்பட்டவர்களுக்குச் சிக்கல் சற்றுக் கூடுதலாகவே வந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது மதத்துக்கு அனுசரணையான ஒரு நிதியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, 2004 டிசம்பர் 26. சுனாமி வந்த நாள். ஞாயிற்றுக்கிழமை, பௌத்தர்களின் போயா (பௌர்ணமி), நத்தாருக்கு மறுநாள். எந்தச் சமயத்தவரும் கும்பிடாத நாள் என்று சொல்ல முடியாத நாள். இலங்கையில் 30,000 பேருக்கு மேல் போனார்கள். கோணேசர் கோயில் தப்பியதை இன்றைக்கும் அற்புதம் என்கிறார்கள். தப்ப வைத்தது பாறையின் உயரம். 1755 இல் லிஸ்பனில் பூகம்பம் வந்ததும் ஒரு பண்டிகைக் காலையில்தான், சனம் தேவாலயங்களுக்குள் நின்றபோது. ஐரோப்பாவில் வால்டேர் போன்றவர்கள் அதன் பிறகு கேட்ட கேள்வியை நாங்கள் 2004 க்குப் பிறகு கேட்கவே இல்லை.

பதில் சொல்லுங்கள். கோபப்படாமல் சொன்னால் நல்லது.


தட்சிணகைலாயம்

கோபம் இல்லை மாஸ்டர். உங்களிடம் படித்தவன் நான், நீங்கள் அடித்த அடி இன்னும் கையில் இருக்கிறது.

நீங்கள் தேவையைப் பயன் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். நான் நம்மூர்க் கதையையே சொல்கிறேன். 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். கல்லைக் கொண்டுபோய்க் கோட்டை கட்டினார்கள். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் பாடிய தலம், ஒன்றும் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு என்ன நடந்தது? சனம் பாறைக்குப் போவதை நிறுத்தவில்லை. கட்டடமே இல்லாத வெறும் பாறையில் நின்று, கடலைப் பார்த்துப் பூவும் தேங்காயும் போட்டது. ஒல்லாந்தர் காலம், வெள்ளைக்காரன் காலம் முழுக்க அப்படித்தான். தம்பலகாமத்தில் ஆதிகோணேசரை எழுப்பி வைத்துக்கொண்டது.

1950 இல் நகரத்தில் கிணறு வெட்டும்போது சோமாஸ்கந்தரும் அம்பாளும் மண்ணுக்குள்ளிருந்து வந்தார்கள். யாரோ புதைத்து வைத்திருக்கிறார்கள். பிடிபட்டால் தலை போகும் என்று தெரிந்தே வைத்திருக்கிறார்கள். 1963 இல் கும்பாபிஷேகம். நடுவில் ஏறக்குறைய 340 வருடம்.

தேவையில்லாத ஒன்றுக்காக எந்த மனிதன் இதைச் செய்வான்? நீங்கள் ஆய்வுகூடத்தில் அளக்கிறீர்கள். நான் 340 வருடத்தால் அளக்கிறேன்.


கடற்காகம்

தம்பி சொன்ன கதையில் ஒரு பாதி விட்டுப்போய்விட்டது. எனக்குப் பிடித்த பாதி அதுதான்.

கோயிலின் மிச்சம் கடலுக்கடியில் கிடப்பதைச் சுழியோடிப் பார்த்து உலகத்துக்குச் சொன்னவர்கள் இரண்டு பேர், 1956 இல். ஒருவர் ஆர்தர் சி. கிளார்க். மற்றவர் அவருடைய கூட்டாளி மைக் வில்சன். அதே கடல், அதே தூண்கள், அதே வருடம். வில்சன் பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காவி கட்டி சுவாமி சிவ கல்கி ஆனார். கிளார்க் கடைசிவரை மாறவில்லை. 2008 இல் கொழும்பில் இறந்தபோது, தன் அடக்கத்தில் எந்தச் சமயத்தின் எந்தச் சடங்கும் கூடாது என்று எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். கனத்தை மயானத்தில் அப்படியே அடக்கம் செய்தார்கள்.

ஒரே கல்லைத் தொட்ட இரண்டு பேரில் ஒருவருக்குத் தேவைப்பட்டது, ஒருவருக்குத் தேவைப்படவில்லை. "மனிதருக்கு" என்று மாஸ்டர் மொத்தமாகக் கேட்பதில்தான் எனக்குச் சந்தேகம்.


கறுப்புச்சட்டை

340 வருடம் நின்றது என்பதால் ஒன்று தேவையானதாகிவிடுமா? சாதி அதைவிடக் கூட நின்றிருக்கிறது. 1968 இல் மாவிட்டபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் கந்தசுவாமி கோயிலுக்குள் போக வாசலில் கிடந்து போராட வேண்டியிருந்தது. அந்த வாசலுக்குள் இருந்தவரும் தட்சிணகைலாயம் சொல்லுகிற அதே சிவனின் பிள்ளைதான். தடுத்தவர்கள் நாத்திகர் இல்லை, பழுத்த சைவர்கள்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் குண்டுத் தாக்குதலை நான் சொல்லத் தேவையில்லை. மட்டக்களப்பில் ஞாயிறு வகுப்பு முடித்து நின்ற பிள்ளைகள்.

2005 மே மாதம் இரவோடிரவாகச் சந்தைக்குக் கிட்ட ஒரு புத்தர் சிலை வந்தது. அதற்குப் பிறகு இந்த ஊர் எப்படி மூடிக்கிடந்தது என்பதை இங்கே பாதிப் பேர் பார்த்திருக்கிறீர்கள்.

ஆபிரகாம் கோவூர் இலங்கையில் இருந்துகொண்டே, அற்புதம் செய்து காட்டுகிறவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் தருகிறேன் என்று பந்தயம் கட்டினார். அந்தக் காலத்து ஒரு லட்சம். 1978 இல் அவர் சாகும்வரை ஒரு சாமியாராலும் அதை வாங்க முடியவில்லை. செத்த பிறகு கண்ணையும் உடலையும் கொடுத்துவிட்டார். எலும்புக்கூடு அவர் படிப்பித்த பாடசாலை ஆய்வுகூடத்துக்கு. அவர் சொர்க்கத்துக்குப் போனாரா என்று எனக்குத் தெரியாது, மாணவர்களுக்குப் பயன்பட்டார்.


மூதூர் டீச்சர்

கறுப்புச்சட்டை அண்ணை, உங்கள் பட்டியலில் மூன்றாவதைத் திரும்பப் பாருங்கள். புத்தர் படைத்தல் கடவுளை ஏற்றுக்கொண்டவர் இல்லை. உலகத்தை ஒருவர் செய்தார் என்பதே அந்தச் சமயத்தில் கிடையாது. கடவுளே இல்லாத ஒரு சமயத்தின் சிலைக்குத்தான் ஊர் மூடிக்கிடந்தது. அப்படியென்றால் பிரச்சினை கடவுளில் இல்லை. காணியில் இருக்கிறது, யாருடைய ஊர் இது என்பதில் இருக்கிறது. மாஸ்டர் இரண்டாக உடைத்த கேள்வி இன்னும் ஒரு தடவை உடைய வேண்டும். மதம் வேறு, கடவுள் வேறு.

நல்ல பக்கத்துக்கும் இதே கதைதான். கண்தானச் சங்கம் 1961 இல் தொடங்கியது. இலங்கைக் கண்கள் எத்தனையோ நாடுகளுக்குப் போயிருக்கின்றன. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பௌத்தர்கள், அவர்கள் அதைத் தானம் என்ற சமயக் கடமையாகத்தான் செய்தார்கள். கோவூர் கொடுத்ததும் கண்தான், அவர்கள் கொடுத்ததும் கண்தான். ஒருவர் சமயம் வேண்டாம் என்று கொடுத்தார், மற்றவர் சமயத்துக்காகக் கொடுத்தார்.

தமிழில் இந்த விவாதம் புதிதும் இல்லை. மணிமேகலையில் சமயக் கணக்கர் எல்லோரும் வந்து தங்கள் கட்சியைச் சொல்லும் காதை ஒன்று இருக்கிறது. கடைசியில் பூதவாதி வருவான். கண்ணால் கண்டதுதான் உண்மை, மற்றதெல்லாம் வெறும் ஊகம் என்பான். மணிமேகலை சிரித்துவிட்டு, "உன் தாய் தகப்பனை நீ ஊகத்தால் அல்லாமல் வேறெப்படி அறிவாய்?" என்று கேட்பாள். அவனிடம் பதில் இல்லை. ஏ.எல். வகுப்புக்கு இதைப் படிப்பிக்கும்போது பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் கைதட்டுவார்கள்.


கம்பஸ் பெடியன்

டீச்சர், இப்போது டி.என்.ஏ. சோதனை இருக்கிறது.


மூதூர் டீச்சர்

அந்த அறிக்கையில் கையெழுத்து வைத்தவரை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா தம்பி?


கடற்காகம்

டீச்சருக்கு ஒரு தேத்தண்ணி.


கிண்ணியா காக்கா

கறுப்புச்சட்டை தம்பி, 2019 ஐச் சொன்னீர்கள். அதைச் செய்தவர்களுக்கு எங்கள் பள்ளிவாசல்களில் ஜனாஸாத் தொழுகை, இறந்தவருக்கான தொழுகைகூட வைக்கமாட்டோம் என்று சொன்னோம். அதைப் பத்திரிகையில் யாரும் பெரிதாகப் போடவில்லை. பெயரைக் கேட்டுவிட்டு பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழும்பிப் போனதும் எங்களுக்கு நடந்தது. அவர் கடவுள் நம்பிக்கையால் எழும்பிப் போனாரா? சரி, அது இருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. மாஸ்டர் விஞ்ஞானம் வந்துவிட்டது, மதத்தின் வேலை முடிந்தது என்கிறார். 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி வரை கொரோனாவில் மௌத்தான எங்கள் ஆட்களை எரித்தார்கள். அடக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனமே சொல்லியும் எரித்தார்கள். நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்று ஒரு நிபுணர் குழு. விஞ்ஞானம் என்ற பெயரில்தான் செய்தார்கள் மாஸ்டர், குர்ஆன் பெயரிலோ பகவத் கீதை பெயரிலோ இல்லை. பிறந்து 20 நாளான ஒரு பச்சைப்பிள்ளையையும் எரித்தார்கள். அந்த மாதம் பொரளை மயான வேலியில் சனம் வெள்ளைத் துணியைக் கிழித்துக் கிழித்துக் கட்டியது. கபன் துணி, மையித்தைச் சுற்றுகிற துணி. கட்டியவர்களில் சிங்களவர், கிறிஸ்தவர், எந்தச் சமயமும் இல்லாதவர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

பிறகு ஓட்டமாவடியில் ஒரு காணியில் அடக்க விட்டார்கள். தெற்கிலிருந்தெல்லாம் அங்கேதான் கொண்டுவந்தார்கள். 2024 இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது.

செத்த உடம்புக்கு ஒன்றும் தெரியாது, எரித்தால் என்ன, தாட்டால் என்ன என்று உங்கள் விஞ்ஞானப் புத்தகம் சொல்லும். சரியாகவும் இருக்கலாம். அந்தப் பத்து மாதத்தில் எங்கள் சனம் வருத்தத்துக்குப் பயப்படவில்லை. வருத்தம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து அனுப்ப ஆள் இல்லாமல் போய்விடுமே என்றுதான் பயந்தது. காய்ச்சலை மறைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தவர்களும் உண்டு. இதைத் தேவை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?


உப்புவெளி மாஸ்டர்

காக்கா, அந்தக் குழு செய்தது விஞ்ஞானம் இல்லை. வைரஸ் பிணத்திலிருந்து ஊறிக் கிணற்றுக்குப் போகும் என்பதற்கு அவர்கள் ஆதாரம் எதுவும் வைக்கவில்லை. வெள்ளை உடுப்புப் போட்ட அரசியல் அது. நான் அப்போதும் அதைச் சொன்னேன்.

ஆனால் உங்கள் வாதம் என் கட்சிக்குத்தான் பலம். நீங்கள் கேட்டது உரிமை. செத்தவரை அவருடைய ஆட்கள் தங்கள் வழக்கப்படி அனுப்பி வைக்கும் உரிமை. அதற்குக் கடவுள் அவசியமில்லை. கிளார்க்குக்கும் அதே உரிமைதான் கிடைத்தது, சடங்கு வேண்டாம் என்ற உரிமை.


ஹரோ கோணேசன்
(லண்டன்)

இங்கேயிருந்து ஒரு தகவல். 2021 குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிறிஸ்தவர்கள் என்று எழுதியவர்கள் முதல் தடவையாகப் பாதிக்குக் கீழே வந்துவிட்டார்கள், 46.2 சதவீதம். மதமில்லை என்றவர்கள் 37.2 சதவீதம். நாடு ஒன்றும் காடாகிவிடவில்லை. பஸ்ஸில் வரிசையில் நிற்கிறார்கள், இரத்தம் கொடுக்கிறார்கள்.

ஆனால் மூடிய தேவாலயக் கட்டடங்களில் சிலவற்றை வாங்கியது யார் என்று பார்த்தால் நம்மவர்கள். கோயில் ஆக்கிவிட்டார்கள். என் மகள்களுக்குச் சிவன் யார், விஷ்ணு யார் என்று ஒழுங்காகத் தெரியாது. ஆனால் தேருக்குப் போகாமல் இருக்கமாட்டார்கள். பரதநாட்டிய வகுப்பு அங்கே, சிநேகிதிகள் அங்கே, மோதகம் அங்கே. அவர்களுக்குத் தேவைப்படுவது கடவுளா, கூட்டமா?

ஒரு ஆய்வு நினைவுக்கு வருகிறது. 19 ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கூடி வாழ்வோம் என்று உருவான 200 குடியிருப்புகளை ரிச்சர்ட் சோசிஸ் என்ற மானிடவியலாளர் எடுத்துப் பார்த்தார். சமயம் சாராதவை எந்த ஒரு வருடத்திலும் கலைந்துபோகும் வாய்ப்பு, சமயம் சார்ந்தவற்றைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. பின்னர் இன்னொரு ஆய்வில், கட்டுப்பாடு கூடக்கூட மதக் குடியிருப்புகள் கூடக் காலம் தாக்குப்பிடித்தன என்று கண்டார். இதைச் சாப்பிடாதே, அதை உடுத்தாதே என்பவை. மதம் சாராதவற்றில் அதே கட்டுப்பாடுகள் வேலை செய்யவில்லை. நோன்பும் விரதமும் சும்மா இல்லை போலிருக்கிறது.


கறுப்புச்சட்டை

நாலு மடங்கு நின்றது சரி, நின்று என்ன செய்தது என்பதும் கேள்வி. கூட்டம் வேண்டுமென்றால் நூலகம் கட்டுங்கள், கால்பந்துக் கழகம் நடத்துங்கள். ஏகாம்பரம் மைதானத்தில் ஒரு இறுதியாட்டம் நடக்கட்டும், எத்தனை சாதி, எத்தனை சமயம் கட்டிப்பிடிக்கிறது என்று வந்து பாருங்கள்.

அப்புறம், கோயில் கூட்டத்தைச் சேர்க்கிறதாம். நம்மூர்க் கோயில் பரிபாலன சபைகளில் நீதிமன்றத்தில் வழக்கு இல்லாத ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். மைக்கில் தேவாரம் பத்து நிமிடம், உபயகாரர் பெயர் நாற்பது நிமிடம்.


தட்சிணகைலாயம்

இதில் மட்டும் கறுப்புச்சட்டையோடு நான் முழுமையாக உடன்படுகிறேன்.


கோட்டைக்கடை

மாஸ்டருக்கு வணக்கம். நான் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் அர்ச்சனைத் தட்டும் தொட்டிலும் விற்கிறவன். எனக்குக் கடவுள் தேவை. வியாபாரம்.

பகிடிக்குச் சொன்னாலும், ஒவ்வொரு நாளும் பார்க்கிற ஒன்றைச் சொல்கிறேன். தொட்டில் என்பது கையளவு மரத் தொட்டில், பிள்ளை வரம் கேட்டு மலை விளிம்பில் நிற்கும் மரத்தில் கட்டுவது. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் சிங்களச் சனம், தெற்கிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். எந்தச் சாமி, என்ன பெயர் என்று அவர்களும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. "இதை எங்கே கட்டுவது?" என்று மட்டும் கேட்பார்கள்.

இப்போதெல்லாம் வருகிற சோடிகளின் கையில் ஒரு ஃபைல் இருக்கும். கொழும்பில் பிள்ளைப்பேற்றுச் சிகிச்சை எடுக்கிற ஃபைல், ஸ்கான் படம், ஊசி போடும் திகதி எல்லாம் அதற்குள். அதையும் அர்ச்சனைத் தட்டில் வைத்துக்கொண்டுதான் ஏறுவார்கள். பஸ்ஸில் வைத்தால் தொலைந்துவிடும் என்று சொல்வார்கள், ஆனால் தட்டில் ஏன் வைக்க வேண்டும்? ஒருமுறை ஒரு தம்பியிடம் கேட்டேன், "டொக்டர் சொன்னபடி செய்கிறீர்கள்தானே, பிறகு ஏன் இங்கே?" என்று. "டொக்டர் நூற்றுக்கு முப்பது என்கிறார் அண்ணை. மிச்சம் எழுபதுக்குத்தான் இங்கே வந்தேன்" என்றார்.

மாஸ்டர் சொன்ன ஊசி, ஆய்வு எல்லாம் அந்த முப்பதுக்குள். அது நாற்பதாகும், ஐம்பதாகும். நூறாகும் அன்றைக்கு நான் கடையை மூடிவிட்டு வேறு தொழில் பார்க்கிறேன்.

மற்றபடி, நேர்த்தி வைத்தவர்கள் போன பிறகு தட்டில் மிஞ்சும் வாழைப்பழத்தைக் கோட்டை மான்கள் தின்னும், பொலித்தீன் பையோடு சேர்த்து. பக்தர்கள் தயவுசெய்து பையை எடுத்துக்கொண்டு போங்கள். இதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.


கம்பஸ் பெடியன்

கோட்டைக்கடை அண்ணை சொன்னதுதான் எனக்குப் பிரச்சினை. தெரியாத எழுபதைக் கடவுள் என்று நிரப்பிக்கொண்டால், முப்பதை நாற்பதாக்கும் வேலையை யார் செய்வது? எங்கள் பட்ச்சில் பரீட்சைக்கு முதல்நாள் பத்திரகாளி அம்மன் கோயிலில் நிற்கிறவர்களையும் எனக்குத் தெரியும், அன்றிரவு படித்தவர்களையும் தெரியும்.


மூதூர் டீச்சர்

இரண்டும் செய்தவர்களை விட்டுவிட்டீர்கள்.


சம்பூர் மகள்

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. என் அண்ணாவைக் காணவில்லை. எப்படி, எந்த வருடம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம், இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளங்கும்.

எல்லோரும் மதம் ஆறுதல் தருகிறது, அதனால் தேவை என்று சொல்கிறீர்கள். மாஸ்டரும் அந்த ஆறுதல் பொய் என்றுதான் சொல்கிறார், ஆறுதல் இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நான் பார்த்தது அது இல்லை.

சாவு நடந்த வீட்டில் சைவ சமயத்துக்கு எல்லாவற்றுக்கும் ஒரு நாள் இருக்கிறது. எட்டுச்செலவு, 31 ஆம் நாள் அந்தியேட்டி, வருடத் திதி. எங்கள் பக்கத்தில் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போவார்கள், இராவணன் தாய்க்குக் கடமை செய்த இடம் என்று. காணாமல் போனவனுக்கு ஒரு நாளும் இல்லை. எந்த நாளில் திதி கொடுப்பது? கொடுத்தால் நாங்களே அவனைக் கொன்றது போல. கொடுக்காவிட்டால், அவன் உண்மையில் இல்லையென்றால், பசியோடு அலைவான் என்று சமயமே சொல்கிறது. அண்ணி பொட்டு வைப்பதா, வைக்காமல் விடுவதா என்று ஊரே பார்த்தது. வைத்தாலும் கதைத்தார்கள், வைக்காத நாளிலும் கதைத்தார்கள். அந்த நேரம் சமயம் எங்களுக்கு ஆறுதல் தரவில்லை. கூட ஒரு வேலை தந்தது.

அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் பத்திரகாளி அம்மன். கும்பிடத்தான் போகிறார் என்று கன காலம் நினைத்தேன். ஒருநாள் பக்கத்தில் நின்றபோது கேட்டது. அம்மா அம்மாளைப் பேசிக்கொண்டிருந்தார். "உனக்குக் கண் இருக்குதா? உன்ர பிள்ளையெண்டா இப்பிடிச் சும்மா நிப்பியா?" குரல் உயரவில்லை, ஆனால் விடவில்லை. அர்ச்சனை முடிந்து ஐயர் திருநீறு கொடுக்கும்வரை பேசிக்கொண்டே நின்றார். பிறகு வாங்கிப் பூசிக்கொண்டு வெளியே வந்து செருப்பைத் தேடினார்.

அலுவலகங்களுக்கும் போயிருக்கிறோம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு படிவம், ஒவ்வொரு வருடமும் ஒரு புது அதிகாரி. முதல் அதிகாரியிடம் அழுததை இரண்டாவது அதிகாரிக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். ஆளைக் காணவில்லை என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். 2017 இல் நம்மூரிலும் தாய்மார் தெருவோரம் உட்காரத் தொடங்கியபோது அம்மாவும் படத்தோடு போனார். அங்கே உட்கார்ந்த எத்தனையோ தாய்மார் பதில் தெரியாமலே செத்துப்போனார்கள்.

மாற்றலாகிப் போகாத ஆள் அம்மாள் ஒருத்திதான். அம்மாவுக்குக் கடவுள் தேவைப்படுவது ஆறுதலுக்கு இல்லை, குற்றம் சாட்ட. இதை உங்கள் எந்தப் பக்கத்தில் சேர்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.


மூதூர் டீச்சர்

தங்கச்சி, உங்கள் அம்மா தனியாக இல்லை. சுந்தரர் கண் பார்வை போனபோது திருவாரூரில் நின்று சிவனைப் பேசிய பதிகம் ஏழாம் திருமுறையில் இருக்கிறது. "வாழ்ந்து போதீரே" என்று ஒவ்வொரு பாட்டும் முடியும். நீர் நல்லாய் இருந்துகொள்ளும் என்று சாமியைப் பார்த்துச் சொல்வது. அதைத்தான் கோயிலில் பண்ணோடு பாடுகிறோம். பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது சண்டை என்று தெரியுமோ.


உப்புவெளி மாஸ்டர்

மகள், நீங்கள் எழுதியதை நேற்று முழுக்க யோசித்தேன். இது என் கட்சியில் சேராது, தட்சிணகைலாயத்தின் கட்சியிலும் சேராது.

மார்க்ஸ் மதத்தை அபின் என்று சொன்னதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 1844 இல் எழுதிய அதே இடத்தில், மதம் ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சு என்றும், மதத் துன்பம் என்பது உண்மையான துன்பத்துக்கு எதிரான கண்டனமும்தான் என்றும் எழுதியிருக்கிறார். உங்கள் அம்மா செய்வது அந்தக் கண்டனம். என் ஆட்சேபம் என்னவென்றால், முறைப்பாட்டைக் கேட்க வேண்டியவர்கள் கேட்காததால்தான் அது கோயிலுக்குப் போகிறது. அரசு பதில் சொல்லியிருந்தால் அம்மாளுக்கு இந்த வேலை வந்திருக்காது. ஆகவே நமக்குத் தேவை பதில் சொல்லும் அரசு. அம்மாள் அதுவரைக்கும்தான்.

அதுவரைக்கும் என்பது எவ்வளவு காலம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.


தட்சிணகைலாயம்

அக்கா, சடங்கு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இருக்கிறது. 12 வருடம் ஆளைப் பற்றி ஒரு தகவலும் இல்லையென்றால் தர்ப்பையால் உருவம் செய்து தகனம் செய்து, அந்த நாளையே திதியாக வைத்துக்கொள்ளலாம் என்று தர்மசாஸ்திரத்தில் வழி இருக்கிறது. சமயம் கைவிட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.


கிண்ணியா காக்கா

எங்களிடமும் உண்டு. மஃப்கூத், அதாவது காணாமல் போனவர் என்று தனிச் சட்டமே இருக்கிறது. மாலிக்கி என்ற சட்டப்பிரிவில் (மத்ஹபில்) நாலு வருடம் பார்த்துவிட்டு மனைவி இத்தா என்ற காத்திருப்புக் காலம் இருந்து மறுமணம் செய்யலாம். ஹனஃபி என்ற இன்னொரு பிரிவில் அந்த ஆளின் வயதுக்காரர்கள் எல்லாம் மௌத்தாகும்வரை உயிரோடு இருப்பதாகவே கணக்கு. நம் நாட்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் ஏழு வருடம். இந்தக் கேள்வியில் சமயமும் சட்டமும் ஒரே மாதிரித்தான் தடுமாறியிருக்கின்றன.


சம்பூர் மகள்

தெரியும் தம்பி. ஐயரும் தர்ப்பையைப் பற்றிச் சொன்னார், நல்ல மனதோடுதான் சொன்னார். அம்மா அவரிடம் கேட்டது ஒன்றுதான்: "எரிச்சாப் பிறகு அவன் வந்தால், நீங்கள் வந்து அவனுக்குச் சொல்லுவியளோ?" ஐயர் அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.


கறுப்புச்சட்டை

தங்கச்சி, நான் கடவுளைப் பற்றி ஒன்றும் சொல்ல வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கலாமா? உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா? அம்மாவுக்கு இல்லை, உங்களுக்கு.


சம்பூர் மகள்

இல்லை என்றுதான் நினைக்கிறேன் அண்ணா. அம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறக்கிவிடுவேன். முதலெல்லாம் வெளியேதான் நிற்பேன். இப்போது அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, படியேற்றிவிட உள்ளே போக வேண்டியிருக்கிறது. அம்மா மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் சில வேளை நான் தொடர்ந்து பேசுகிறேன். நம்பாத ஆளைப் பார்த்து எப்படிச் சண்டை பிடிக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.


கடற்காகம்

கறுப்புச்சட்டை, இதற்குப் பதில் சொல்லாமல் ஓடிவிடாதீர்கள்.


கறுப்புச்சட்டை

ஓடவில்லை. யோசிக்கிறேன். தெருவோரம் இனி எப்போது உட்காருகிறார்கள் என்று தங்கச்சி இங்கே போட்டால் நான் வருகிறேன். கோயிலுக்கு வரமாட்டேன், அதைக் காக்காவும் மாஸ்டரும் பார்த்துக்கொள்ளட்டும்.


கிண்ணியா காக்கா

நான் எப்படிடா கோயிலுக்குப் போவது? தெருவுக்கு நானும் வாறன்.